துரு நீங்கியபின் எஞ்சுவது என்ன?

மன்னார்த் தீவின் பள்ளிமுனைக்குச் செல்பவர் கண்ணை முதலில் ஈர்ப்பது அங்குள்ள பெருக்க மரமே. அறபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்று வழிவழியாகச் சொல்லப்படும் அம்மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் அதிகம். பல நூற்றாண்டுகளாக உப்புக்காற்றை உண்டு கொழுத்து நிற்கும் அதனைக் காண்பவர், இவ்வூர்க் காற்று எதற்கும் தீங்கு செய்யாது என்று எண்ணினும் எண்ணுவர். ஆயின் அங்கிருந்து சிறிது தூரம் நடந்து மீனவர் இல்லங்களின் வேலியோரங்களை நோக்கினால் உண்மை புலனாகும். நங்கூரம், கதவுக் கீல், கூரைத் தகரம், துவிச்சக்கர வண்டி என்று, இரும்பினால் ஆகிய யாவும் செந்நிறம் பூண்டு, செதில் செதிலாக உதிர்ந்து, மண்ணோடு மண்ணாகிக் கொண்டிருக்கும். மரத்தை வளர்த்த காற்றே இரும்பைத் தின்கிறது.

சென்ற கார்த்திகை மாதத்தில் அவ்வூருக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. சிறு பராயத்தில் நம்மோடு ஒரே வகுப்பிலிருந்த நண்பர் ஒருவர், இன்று வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தும் தொழில் செய்பவர், தொலைபேசியில் அழைத்தார். "மகன் பழைய காரைக் கழற்றிப் போட்டு, கரண்டாலே துரு எடுக்கிறன் எண்டு நிக்கிறான். நீ இரசாயனம் படிப்பிக்கிற ஆள்; வந்து ஒருக்கால் பார்" என்றார். அவ்வழைப்பின் பயனாகக் கண்டவற்றையும், அதனையொட்டி வீட்டில் உள்ளோரும் மாணவரும் அறிய வேண்டியவற்றையும் ஈண்டு கூற விழைகின்றோம்.

கொட்டிலிற் கிடந்த கார்

நண்பரின் வீட்டுப் பின்புறக் கொட்டிலில் நின்றது ஒரு மொறிஸ் மைனர். 1948ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டுவரை இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட இவ்வகைக் கார் இலங்கையில் அறியாதார் இலர். ஆசிரியரும் வைத்தியரும் வாடகைச் சாரதியும் விரும்பி வாங்கியது அது. நண்பரின் தந்தையார் வாடகைச் சாரதி. பள்ளிமுனையிலிருந்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவிலும் அவர் கார் செல்லும். பிள்ளைப் பேற்றுக்கு ஏற்றிச்செல்லும் பெண்ணிடம் அவர் காசு கேட்டதில்லை என்று ஊரார் இன்றும் சொல்வர்.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது அக்குடும்பம் இரவோடிரவாக வள்ளமேறி இராமேசுவரத்தை அடைந்து, மண்டபம் முகாமிற் பதிவு பெற்றது. காரை வள்ளத்தில் ஏற்ற முடியுமா? வேப்பமரத்தின்கீழ் அதனை விட்டுச்சென்றார்கள். தந்தையார் ஊர் திரும்பவில்லை, தமிழகத்திலேயே காலமானார். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் எஞ்சியோர் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. காருக்குக் கண்ணாடி இல்லை. ஆயினும் கார் நின்ற இடத்திலேயே நின்றது. அன்று தொட்டு அது கொட்டிலில் கிடந்தது.

நண்பரின் மகனுக்கு வயது இருபது. உயர்தர வகுப்பை முடித்து, தந்தையோடு எஞ்சின் வேலை பழகுகின்றான். மார்கழி 13ஆந் தேதி அவ்வூர்ப் புனித லூசியாளின் திருநாள். பேரனாரின் காரை அன்று கோயிலடிக்கு ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அவன் வைராக்கியம். நாம் சென்ற நாளில் திருநாளுக்கு மூன்று வாரங்கூட இல்லை.

துரு என்பது யாது?

இரும்பு, ஒட்சிசன், நீர் ஆகிய மூன்றும் கூடும்போது துரு பிறக்கிறது. நீரோடு சேர்ந்த இரும்பொட்சைட்டே துரு. உப்பு இதற்குக் காரணப் பொருள் அன்று. ஆனால் வேலையை விரைவுபடுத்தும் தரகன். உப்புக் கரைந்த ஈரம் மின்னை நன்கு கடத்துவதால், இரும்பின் மேற்பரப்பில் எண்ணிறந்த நுண்ணிய மின்கலங்கள் தோன்றி இரும்பைக் கரைக்கின்றன. ஆகவே துருப்பிடித்தல் என்பதே ஒரு மின்வினை. இதனை உணர்ந்தால், மின்னினாலேயே அதற்கு மாற்றுச் செய்யலாம் என்பதும் வியப்பாகத் தோன்றாது.

துருவுக்கு இரு தீக்குணங்கள் உண்டு. தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அது பன்மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும். ஆதலால் இரு தகடுகளுக்கு இடையே புகுந்தால் அவற்றைப் பிளந்தே விடும். அன்றியும் அது நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தையும் உப்பையும் தன்னுள் ஏந்தி வைத்துக்கொண்டு, அடியிலுள்ள இரும்பை மேன்மேலும் அரிக்கும்.

மன்னாரின் எதிர்க்கரையிலுள்ள மண்டபம் முகாமிலே, உலோகங்களைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் வைத்து அவை எவ்வாறு அரிக்கப்படுகின்றன என்று ஆராயும் நிலையம் ஒன்று உண்டு. அது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் வழங்க, 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953ஆம் ஆண்டு தைத்திங்களில் திறந்து வைக்கப்பட்ட நிலையம் அது. நம் நண்பர் முகாமில் இருந்த காலத்தில், தகடுகளைச் சட்டங்களில் வரிசையாகக் கட்டி வெயிலில் வைத்திருந்ததைக் கண்டதுண்டாம். "இரும்பை ஏன் வீணாகக் காயப்போடுகினம் எண்டு அப்ப நினைச்சன். இங்கே வீட்டில எங்கட காரும் அப்பிடித்தான் காய்ஞ்சு கிடந்திருக்கு" என்று அவர் சொன்னபோது நம்மால் மறுமொழி கூற இயலவில்லை.

கொல்லன் மகன் கண்ட நெறி

மின்னை நீரினூடு செலுத்தி அதனை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கலாம் என்பது 1800ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. அவ்வினைக்குக் கணக்கும் ஒழுங்கும் வகுத்தவர் மைக்கேல் பரடே. கொல்லன் ஒருவரின் மகனாகப் பிறந்த இப்பேரறிஞர், பாயும் மின்னின் அளவுக்கு ஏற்பவே விளையும் பொருளின் அளவு அமையும் என்று 1830களில் நிறுவினார். அனோட்டு, கதோட்டு என்று நம் மாணவர் பாடமாக்கும் பெயர்களை 1834ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அவருடைய ஆசான் ஹம்பிரி டேவி 1824ஆம் ஆண்டிற் செய்த ஒரு சோதனை கடற்றொழிலாளருக்கு நன்கு விளங்கும். போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகட்டைக் கடல்நீர் அரிப்பதைத் தடுக்க, அதனோடு இரும்பு அல்லது நாகத் துண்டுகளை அவர் இணைத்தார். அத்துண்டுகள் தாம் கரைந்து செம்பைக் காத்தன. ஆனால் கரையாத செம்பில் சிப்பியும் பாசியும் தாராளமாக ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கெடுத்தன! இன்றும் வள்ளத்து எஞ்சினின் நீரில் மூழ்கும் பகுதியில் ஒரு நாகக்கட்டி பொருத்தப்பட்டிருப்பதை மீனவர் அறிவர். அதன் தந்தை டேவியே.

மின்னினால் துரு நீக்கும் முறை பெரிய அருஞ்சின்னங்களையும் காத்துள்ளது. 1770ஆம் ஆண்டில் கப்டன் குக்கின் எண்டெவர் என்னும் கப்பல் அவுஸ்திரேலியப் பவளத்திட்டில் ஏறி மாட்டிக்கொண்டபோது, பாரங்குறைக்க ஆறு பீரங்கிகளைக் கடலில் தள்ளினர். அவை 1969ஆம் ஆண்டிலே கண்டெடுக்கப்பட்டன. 199 ஆண்டுகள் கடலுண்ட அவ்விரும்பிலிருந்து உப்பையும் துருவையும் வெளியேற்ற மின்பகுப்பே துணை நின்றது.

வீட்டிற் செய்யும் முறை

முறை எளியது. ஆயின் எளியது என்பதனாலேயே கவனம் வேண்டும்.

மின்னைக் கடத்தாத பிளாஸ்ரிக் தொட்டி ஒன்றை வெளிமுற்றத்திலே, மழை படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க. 10 லீற்றர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைக்க. பள்ளிமுனைக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு உண்டாதலால் மழைநீரே நன்று. கார்த்திகையில் அதற்குக் குறைவில்லை. சலவைச் சோடா கிட்டாதவிடத்து, அடுக்களையிலுள்ள அப்பச்சோடாவைத் தாச்சியிலிட்டு நன்கு வறுத்தால், நீராவியும் காபனீரொட்சைட்டும் நீங்கி அது சலவைச் சோடாவாகிவிடும். இதனைக் கேட்ட நண்பரின் மனைவியார், "அப்ப அப்பத்துக்கு வைச்சிருக்கிறதைத் தொடாமல் கடையில வேற வாங்குங்கோ" என்றார். நியாயந்தானே!

துருப்பிடித்த பாகத்தின் எண்ணெய்ப் பிசுக்கையும் தளர்ந்த பூச்சையும் முதலில் அகற்றவேண்டும். பழைய காரின் பூச்சில் ஈயம் இருத்தல் கூடும். ஆதலால் உலர்ந்த பூச்சைச் சுரண்டித் தூசாக்காமல் நனைத்துச் சுரண்டுக. சிறுவரை அருகில் விடற்க. பின்னர் ஒரு செப்புக் கம்பியால் அப்பாகத்தைக் கட்டி நீரினுள் தொங்கவிடுக. கம்பி தொடும் இடத்தில் மட்டும் துருவை அரத்தாளால் தேய்த்து, இரும்பு ஒளிரும்படி செய்தல் வேண்டும்; இல்லையேல் மின் பாயாது. தொட்டியின் ஓரங்களில், பாகத்தைத் தொடாமல் அரை முழ இடைவெளியிலோ சற்றுக் குறைவாகவோ, கட்டட வேலையில் எஞ்சிய சாதாரண இரும்புக் கம்பிகள் சிலவற்றை நிறுத்துக. மின்வினை நேருக்கு நேராக நோக்கும் பக்கத்திலேயே வலுவாக நிகழும். ஆதலால் நாற்புறமும் கம்பி இருப்பின் நாற்புறமும் துரு நீங்கும்.

மின்னுக்கு, 12 வோல்ற்றுக் கார்ப் பற்றறிக்கு மின்னேற்றும் சாதனம் போதும். பழைய வகைச் சாதனமே இதற்கு உகந்தது. புதிய தானியங்கு வகைகள் பற்றறி இணைக்கப்படாவிடில் இயங்க மறுக்கும். வீட்டு மின்னை நேரே நீரிற் செலுத்த நினைப்பவன் தன் உயிரையே செலுத்துபவனாவான். சாதனத்தின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்துக்கும், நேர்முனையை ஓரத்துக் கம்பிகளுக்கும் இணைக்க. மாறி இணைத்தால் துரு போகாது, பாகமே கரைந்துபோம்! இணைத்தபின் மின்னை இடுக. 2 முதல் 5 அம்பியர் மின்னோட்டம் சிறு பாகங்களுக்குத் தகும்.

மின் பாயத் தொடங்கியதும் பாகத்தைச் சூழ நுண்குமிழிகள் எழும். அவை ஐதரசன். துருவின் ஒரு பகுதி கரிய இரும்பொட்சைட்டாக மாறுகிறது. எஞ்சியது பிடிப்பிழந்து, குமிழிகளின் உந்துதலால் உதிர்கிறது. சில மணி நேரம் முதல் ஒரு பகற்பொழுது வரை பொறுத்தால், முன்னர் சுத்தியலுக்கும் அசையாத துரு தூரிகைக்கு அசையும். அமிலத்தில் இட்டாலோ துருவோடு நல்ல இரும்பும் கரையும். மின்பகுப்பில் எதிர்முனையோடு இணைந்த நல்ல இரும்பு கரைவதில்லை. இம்முறையின் சிறப்பு இதுவே.

செய்யத் தகாதவை

நண்பரின் மகன் நம்மிடம் முதலிற் கேட்ட வினா, பள்ளிமுனையில் எவரும் கேட்கக் கூடியதே: "சேர், கடல்தண்ணி வாசலிலே கிடக்கு. சோடா ஏன்?" உப்புநீரும் மின்னைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் உப்பிலுள்ள குளோரைட்டு நேர்முனையில் குளோரின் என்னும் நச்சு வாயுவாக வெளிப்படக்கூடும். அதனினும் முக்கியமாக, துருவிலிருந்து எந்த உப்பை வெளியேற்ற முயல்கின்றோமோ அதே உப்பிலேயே பாகத்தை ஊறவைத்தல் பேதைமையன்றோ?

இரண்டாவது எச்சரிக்கை கறையில் உருக்கைப் பற்றியது. நேர்முனைக் கம்பி விரைவில் துருவேறி அருவருப்பாகிவிடுவதால், துருப்பிடிக்காத சில்வர்க் கரண்டியையோ தட்டையோ அவ்விடத்தில் வைக்கப் பலர் விரும்புவர். அப்பிழையை நாமும் இளமையிற் செய்திருக்கின்றோம். நீர் மஞ்சளானது, அதன் பொருள் அறியாமல் வாழையடியில் ஊற்றிவிட்டோம். அம்மஞ்சள், உருக்கிலிருந்து கரைந்து வந்த அறுவலுக் குரோமியத்தின் நிறம். அது புற்றுநோய் விளைப்பது. தமிழகத்தின் இராணிப்பேட்டையில் 1995ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஒரு குரோமிய இரசாயனத் தொழிற்சாலை விட்டுச்சென்ற இரண்டு இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட கழிவு, சுற்றுப்புற நிலத்தையும் நீரையும் எவ்வாறு கெடுத்தது என்பதைப் படித்தபின்னரே நாம் செய்ததன் தன்மையை உணர்ந்தோம். வாழை பிழைத்தது, ஆனால் நம் மனம் இன்றும் அதனை மறக்கவில்லை. ஆதலின் சாதாரண இரும்பையே நேர்முனையாகக் கொள்க. அது துருவேறினால் தேய்த்துக் கொள்ளலாம். தேய்ந்தால் வேறொன்று வைக்கலாம். குரோமியம் பூசிய பளபளப்பான பாகங்களையும் தொட்டியில் இடற்க.

மூன்றாவது, ஐதரசன். பரடேயின் கணக்குப்படி 5 அம்பியர் மின்னோட்டம் 5 மணி நேரம் பாய்ந்தால் 10 லீற்றருக்கும் அதிகமான ஐதரசன் வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு இருந்தாலே அது தீப்பற்ற வல்லது. அடைத்த அறையிலே இதனைச் செய்தலும், அருகில் பீடி பற்றவைத்தலும் ஆபத்து. முதலில் மின்னை நிறுத்திவிட்டே இணைப்பைக் கழற்றவேண்டும். பாயும்போது கழற்றினால் எழும் பொறி ஒன்றே போதும்.

நான்காவது, அலுமினியமும் நாகமும். சோடா நீர் இவற்றை அரிக்கும். எரிபொருட் கலப்பான் போன்ற மென்னுலோகப் பாகங்களை மறந்தும் அதில் இடலாகாது. ஐந்தாவது ஒன்றுண்டு. அதுவே அன்று அவ்வீட்டில் வழக்கானது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நீரினின்று எடுத்தபின்

தொட்டியிலிருந்து எடுத்த பாகம் கரிபூசினாற்போல் இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து நன்னீரிற் கழுவவேண்டும். இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் கடலோரத்தில் ஏமாறுவர். துருவின் அடியிலுள்ள நுண்குழிகளில் உப்பு இன்னும் ஒளிந்திருக்கும். அதன்மேற் பூச்சுப் பூசினால், மறைந்திருந்த உப்பு அடுத்த மழைக்குள் பூச்சைக் கொப்புளமாக எழுப்பிவிடும். எனவே தொட்டி நீரை மாற்றிப் புதிய சோடா நீரில் மீண்டும் மீண்டும் மின்பகுப்புச் செய்து, உப்பை இறக்குதல் வேண்டும். அரும்பொருட் காப்பகத்தார் பீரங்கிகளுக்கு இதனை மாதக்கணக்கில் செய்வர். கார்க் கீலுக்கு இரண்டு மூன்று முறை செய்தாற் போதும். பின்னர் மழைநீரிற் கழுவி, உடனே வெயிலிலோ இளஞ்சூட்டிலோ உலர்த்தி, அன்றே எண்ணெய் தடவவோ முதற்பூச்சுப் பூசவோ வேண்டும். தூய இரும்பு இக்காற்றில் ஓர் இரவு கிடந்தாலும் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

எஞ்சிய நீரைக் கிணற்றடியிலும் கடலேரியிலும் ஊற்றாது தெளியவிட்டு, அடியிற் படிந்த சேற்றைப் பழந்துணியில் வடித்து, உலர்த்திப் பொதிந்து கழிவோடு சேர்த்தல் முறை. பாகத்தில் இருந்த ஈயப்பூச்சும் எண்ணெயும் அச்சேற்றில் கலந்திருக்கக் கூடும் அன்றோ.

ஒரு தண்டின் வழக்கு

இவற்றையெல்லாம் நாம் விளக்கிக்கொண்டிருக்க, நண்பரின் மகன் முகமலர்ச்சியோடு உட்சென்று ஒரு நீண்ட உருக்குத் தண்டைக் கொணர்ந்தான். "இதுதான் சேர் நான் முதல் எடுத்தது. பாருங்கோ, எவ்வளவு வடிவாய் வந்திருக்கு."

உண்மையில் அழகாகவே இருந்தது. துரு ஒரு துளியும் இல்லை. எண்ணெய் தடவித் துடைத்து வைத்திருந்தான். நாம் அதனை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தோம். ஊசி குத்தினாற்போலப் பத்துப் பன்னிரண்டு குழிகள் அதன் நடுப்பகுதியில் இருந்தன.

அது மொறிஸ் மைனரின் முறுக்குத் தண்டு. அக்காரின் முன்புறத்தில் சுருள் வில் கிடையாது. இடப்புறத்துக்கு ஒன்றும் வலப்புறத்துக்கு ஒன்றுமாக இரு நெடுந்தண்டுகள் முறுக்குண்டு மீளும் வலிமையாலேயே முன்சக்கரங்களின் பாரத்தைத் தாங்குகின்றன. வண்டி பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் தண்டு முறுக்குண்ணும். ஒரு பயணத்தில் இது எத்தனை ஆயிரம் முறை நிகழும்! அவ்வாறு உழைக்கும் உருக்கிலே ஒரு சிறு குழி இருந்தாலும், வெடிப்பு அங்கேதான் பிறக்கும். இது ஒன்று. மற்றொன்று: மின்பகுப்பிலே தோன்றும் ஐதரசனில் ஒரு சிறு பங்கு குமிழியாகாமல் இரும்பினுள்ளேயே நுழைந்துவிடும். மெல்லிய சாதாரண இரும்புக்கு அதனால் பெருங்கேடு இல்லை. வில்லுருக்கு, வலுமிக்க திருகாணி ஆகிய கடினமாக்கிய உருக்குகளையோ அது நொறுங்குந் தன்மை உடையதாக்கிவிடும். வெளியே எவ்வித அடையாளமும் தெரியாது. ஒருநாள் பாரம் ஏறும்போது திடீரென்று முறியும். நாம் கூறாது நிறுத்திய ஐந்தாவது எச்சரிக்கை இதுவே: வில், முறுக்குத் தண்டு, தடுப்பு, திருப்பு இணைப்பு ஆகியவற்றை இத்தொட்டியில் இடலாகாது. துரு தின்ற அத்தகைய பாகத்தை மீண்டும் பூட்டவும் ஆகாது.

"இதைப் பூட்டாதே, தம்பி" என்றோம்.

அவன் முகம் சுருங்கியது. "புதுசு கொழும்பிலதான் எடுக்கவேணும். அவ்வளவு காசு இல்லை, சேர். திருநாளும் வருது. இது அப்பப்பாட கை பட்ட சாமான். அவர் இதோட எத்தினை வருசம் ஓடினவர்!"

நண்பர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பக்கம் மகனின் ஆசை. மறுபக்கம் நம் வார்த்தை. நாமும் சங்கடப்பட்டோம். விஞ்ஞானம் கூறுவது எளிது. இருபது வயதுப் பிள்ளையின் இரண்டு மாத உழைப்பைத் தூக்கி ஒதுக்கில் வை என்று கூறுவதன்றோ அரிது. அத்தண்டு முறியாமல் இன்னும் பல்லாண்டு உழைக்கவும் கூடும். ஆனால் உழைக்கும் என்று உறுதி கூற நம்மால் இயலாது. அவ்வுறுதியைக் கண்ணாற் பார்த்து வழங்கவல்லவர் எவருமிலர். துருவோடு கிடந்தவரை அத்தண்டைக் கண்டு எவரும் அஞ்சியிருப்பர்; துடைத்து எண்ணெய் பூசியபின் எவரும் நம்புவர். துரு நீக்கலில் உள்ள பெரிய ஆபத்து அதுவே. மின்பகுப்பு துருவைத்தான் நீக்குகிறது. போன இரும்பை அது திருப்பித் தருவதில்லை.

திண்ணையில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்த நண்பரின் தாயார் அப்போதுதான் வாய்திறந்தார். நம் சொற்கள் யாவும் அவருக்கு விளங்கினவோ அறியோம்.

"தம்பி, அது முறிஞ்சால் கார் என்ன செய்யும்?"

"முன்பக்கம் இருந்துவிடும், அம்மா. வேகமாய்ப் போனால் பிரளவும் கூடும்."

அவர் பேரனை நோக்கினார். "உன்ர அப்பப்பா ஏத்தின ஆக்களை ஒருநாளும் இடைவழியில விட்டதில்லை. அவற்ற காரிலே ஏறி ஆரும் விழக்கூடாது. அதைக் கொண்டுவா இங்க."

அவன் தண்டைக் கொடுத்தான். அவர் அதனை மடியில் வைத்து முந்தானையால் ஒருமுறை துடைத்து, "இதை உள்ளுக்கு, அவற்ற படத்துக்குக் கீழே வை" என்றார். வழக்கு முடிந்தது.

அன்று மாலை வரை அக்கொட்டிலில் இருந்து, பாகங்களை இரு கூறாகப் பிரித்தோம். முறிந்தால் சத்தம் மட்டுமே எழுப்பும் பாகங்கள் ஒருபுறம்: கதவுக் கீல், மூடியின் தாங்கி, இருக்கைச் சட்டம், சாவிகள். முறிந்தால் உயிர் வாங்கும் பாகங்கள் மறுபுறம். முதற்கூறு தொட்டிக்கு, இரண்டாங்கூறு கைதேர்ந்த மெக்கானிக்கின் சோதனைக்கும், தேவையெனிற் புதியதற்கும். இப்பிரிவினையை அறிந்தவன் கையில் ஒரு வாளியும் ஒரு பிடி சோடாவும் பெருஞ்செல்வம். அறியாதவன் கையில் அவையே வினை.

புனித லூசியாளின் திருநாளன்று கார் கற்களின்மேல், முன்சக்கரமின்றி, கொட்டிலிலேயே நின்றது. பையன் கோயிலடிக்குச் சென்றானாம். ஆனால் ஒருவரோடும் பேசவில்லையாம். தை மாதத்தில், எஞ்சின் வேலையிற் சேர்த்த காசோடு தந்தையார் கொடுத்ததையும் கூட்டி, கொழும்பிலிருந்து இரு தண்டுகள் வந்தன.

மாசியில் மகா சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் செல்லும் பொருட்டு நாம் மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கினோம். அங்கே வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு மொறிஸ் மைனர் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் நண்பரின் மகன். பின்னிருக்கையில் அவன் அப்பம்மா. "கோயிலுக்குப் போற ஆளை நடக்க விடலாமோ? ஏறுங்கோ, தம்பி" என்றார் அவர்.

ஏறிக்கொண்டோம். கதவைச் சாத்தும்போது கீலில் ஒரு சத்தமும் எழவில்லை. அது தொட்டியிலிட்ட பழைய கீல். பாலத்தைக் கடந்து பெருநிலத்தை அடையும்வரை, வாகனம் பள்ளத்தில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் அவன் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.